யாருக்காகக் காத்திருந்தேன்? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு தேர்வின் விடைத்தாள்களை மதிப்பெண் வரிசைப்படி அடுக்கி, அதிகம் எடுத்தவரில் தொடங்கி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நான் படித்தபோது எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். வேறு வழி உண்டு என்றே தோன்றவில்லை. பாதித் தாள்கள் தீர்ந்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசித் தாளுக்குப் பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. எல்லாத் தலைகளும் ஏற்கெனவே அந்தப் பையன் பக்கம் திரும்பியிருந்தன. அவன் வந்து வாங்கி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அதன்பிறகு அந்த வருடம் முழுவதும் அவன் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

நான் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. அன்று மாலை யாராவது கேட்டிருந்தால் வகுப்பு நன்றாகப் போனது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆசிரியர் அறம் என்றதும் நமக்குப் பெரிய குற்றங்கள் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளுக்கு நாம் அன்றாடம் செய்யும் அநியாயமோ, தாள் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, பதிலுக்குக் காத்திருப்பது போன்ற பழகிப்போன வேலைகளுக்குள் இருக்கிறது. பழகிப்போனது கண்ணில் படாது. அதைக் கண்ணில் பட வைப்பதற்கான வேலைகளைத்தான், முதல் வருடத்தில் எது எப்போது தேவைப்படுமோ ஏறத்தாழ அந்த வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் வாரம்: பெயர் வேண்டும், பெயரோடு வரும் கதை வேண்டாம்

பதிவேட்டில் இருக்கும் பெயரை நீங்கள் வாசிக்கும் விதமும், அந்தக் குழந்தை தன் பெயரைச் சொல்லும் விதமும் வேறாக இருக்கலாம். முதல் நாள் ஒவ்வொருவரையும் அவர்களே சொல்லச் சொல்லி, கேட்டபடி எழுதிக்கொள்ளுங்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டு மேஜையில் வைத்துக்கொண்டால், பெரிய வகுப்பாக இருந்தாலும் ஒரு வாரத்தில் எல்லாப் பெயரும் மனதில் நின்றுவிடும். இந்த வரைபடம் பிறகு இன்னொரு வேலைக்கும் உதவும்; தூக்கிப் போடாதீர்கள்.

அதே வாரத்தில் ஸ்டாஃப் ரூமில் யாராவது உங்கள் பட்டியலை எட்டிப் பார்த்து, “இவனிடம் ஜாக்கிரதை”, “இவள் தங்கம்” என்று சொல்லத் தொடங்குவார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். “ஒரு மாதம் நானே பார்த்துவிட்டு உங்களிடம் வந்து கேட்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். 1968-இல் ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, ‘இவர்கள் இந்த வருடம் வேகமாக முன்னேறப் போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். வருட முடிவில் நுண்ணறிவுச் சோதனை வைத்தபோது, முக்கியமாகச் சிறு வகுப்புகளில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தார்கள். அந்த விளைவு உண்மையில் எவ்வளவு பெரியது என்று ஆய்வாளர்கள் பிறகு நிறைய வாதாடினார்கள். அது எவ்வளவாக இருந்தாலும் சரி, எதிர்பார்ப்பு எந்த வழியாகக் கசிகிறது என்பதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர் என்று நான் நினைத்தவர் தடுமாறினால் ஒரு குறிப்புக் கொடுத்தேன். மற்றவர் தடுமாறினால் அடுத்தவரிடம் போய்விட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: கண் பார்வை, காது, மூச்சிரைப்பு, வலிப்பு, ஒவ்வாமை போன்ற உடல்நலச் செய்திகள். அதற்கு ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் வாரம் தொடங்கி: கோடு போட்டு எண்ணிப் பாருங்கள்

அந்த இருக்கை வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பீரியட் முழுவதும், யாரிடம் கேள்வி கேட்டாலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அவர் தயங்கியபோது நீங்கள் காத்திருந்தால் ஒரு புள்ளி. நீங்களே எண்ணுவது சிரமமாக இருந்தால் ஓய்வு பீரியட் உள்ள சக ஆசிரியர் ஒருவரைப் பின்னால் உட்கார்ந்து குறிக்கச் சொல்லலாம். வேறு எதையும் அவர் எழுத வேண்டாம்.

நான் முதன்முதலில் செய்தபோது, எல்லோரிடமும் சமமாகக் கேட்கிறேன் என்று உறுதியாக நம்பினேன். தாளில் முன்வரிசையும் ஜன்னல் பக்கமும் கோடுகளால் நிறைந்திருந்தன. சுவர் ஓரமாக ஒன்பது பெயர்கள் வெறுமையாக இருந்தன. புள்ளிகளைப் பார்த்தபோது இன்னும் மோசம். நான் காத்திருந்தது ஏழு முறை. அதில் ஆறு, எப்படியும் பதில் சொல்லிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்த பிள்ளைகளுக்காக. யாருக்குக் காத்திருப்பு மிகவும் தேவையோ அவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

காத்திருப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அறிந்தவற்றில், செலவே இல்லாமல் வகுப்பை மாற்றும் ஒரே விஷயம் இதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் நிறைய வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள், அல்லது வேறொருவரைக் கூப்பிட்டார்கள், அல்லது தாங்களே பதில் சொல்லிவிட்டார்கள். அதை 3 விநாடி அளவுக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத இடங்கள் குறைந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். 1970-களில் வெளிவந்த அந்த ஆய்வு இரண்டு காத்திருப்புகளைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று, கேள்விக்குப் பின். மற்றது, பிள்ளை பதில் சொல்லி முடித்தபின். இரண்டாவதை நாம் மறந்தேபோகிறோம். பிள்ளை வாயை மூடுவதற்குள் “சரி, வெரி குட்” என்று சொல்லி, அடுத்து வரவிருந்த ‘ஏன்னா…’ என்ற சொல்லை விழுங்கிவிடுகிறோம்.

செய்முறை இதுதான். முதலில் கேள்வி, பிறகு மௌனம், கடைசியில் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். மௌனத்தின்போது மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள், கால் விரலால் தரையில் தட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. பதில் தெரியாது என்று ஒரு பிள்ளை சொன்னால், “யோசி, இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு உன்னிடம் வருகிறேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி கட்டாயம் திரும்பி வாருங்கள். திரும்பி வராத ஆசிரியரை ஒரே வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் ‘தெரியாது’ என்பது தப்பிக்கும் வாசலாகிவிடும். முதல் சில நாட்கள் அந்த மௌனம் உங்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். பிள்ளைகளுக்கும் குழப்பமாக இருக்கும். “நான் சும்மா நிற்கவில்லை, நீங்கள் யோசிக்க நேரம் கொடுக்கிறேன்” என்று வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

முதல் விடைத்தாள் கட்டு

பெயர் தெரியாமல் திருத்துங்கள். முதல் பக்கத்தை மடித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. கையெழுத்துக் காட்டிக்கொடுக்கும் என்றாலும் மடித்ததற்குப் பலன் உண்டு. ஒரு தாளை முழுக்கத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாவற்றிலும் இரண்டாம் கேள்வி என்று போங்கள். அப்போது ஒரு பதிலின் வெளிச்சமோ நிழலோ அதே பிள்ளையின் அடுத்த பதில்மேல் விழாது. ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கட்டைக் கலைத்து அடுக்குங்கள். இல்லாவிட்டால் எப்போதும் ஒரே பிள்ளைகளின் தாள்தான் உங்கள் களைப்பான நேரத்தில் வந்து சேரும். எல்லாம் முடிந்தபின் முதலில் திருத்திய ஐந்து பதில்களை மறுபடி பாருங்கள். என் அனுபவத்தில், தொடக்கத்தில் நான் கறாராக இருக்கிறேன், போகப் போக இளகுகிறேன். உங்களுக்கு நேர்மாறாக இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

மதிப்பெண் பக்கத்தில் குறிப்பு எழுதுபவர்களுக்கு ஒரு செய்தி. 1988-இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில் சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்புக்குப் போவதில்லை. ஆகவே வகுப்புத் தேர்வுகளிலாவது, முதலில் குறிப்போடு தாளைக் கொடுத்து, திருத்தி எழுத ஒரு பீரியட் விட்டு, மதிப்பெண்ணை மறுநாள் சொல்லிப் பாருங்கள். குறிப்பு ‘இன்னும் முயற்சி தேவை’ என்று இருந்தால் அதனால் யாருக்கும் பயன் இல்லை. ‘மூன்றாவது வரியில் அலகை மாற்ற மறந்துவிட்டாய், அதிலிருந்து மறுபடி போட்டுப் பார்’ என்பது குறிப்பு.

தாளை இருக்கைக்கே போய், கவிழ்த்து வைத்துக் கொடுங்கள். வரிசை எதுவும் இல்லாமல்.

அதட்டுவதற்கு முன்

ஜேக்கப் கூனின் என்ற உளவியல் பேராசிரியர், தன் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைக் கண்டித்தார். கண்டிக்கப்பட்டவரைவிட, ஒரு தப்பும் செய்யாத மற்றவர்கள் குனிந்து உறைந்துபோனதைக் கவனித்தார். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி பல வருடம் போய், 1970-இல் நூலாக வந்தது. ஒருவரை அதட்டும்போது நாற்பது பேர் அதைத் தங்கள் உடம்பில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-இல் நிறைவேறியது. பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று அதன் 28-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வரியை வகுப்பில் எப்படிச் செய்வது? பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் பேசுங்கள். செயலைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள்: “புத்தகத்தைத் திற” போதும், “நீ எப்பவுமே இப்படித்தான்” வேண்டாம். ஒருவர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிக்காதீர்கள். நூறு முறை எழுது என்று பாடத்தையே தண்டனையாக்காதீர்கள். எழுதுவதை வெறுக்க அதைவிடக் குறுக்கு வழி இல்லை. குழந்தையின் வீடு, பெற்றோர், உடம்பு, சகோதரர்கள் இந்த நான்கும் உங்கள் வாயில் ஒருபோதும் உதாரணமாக வரக் கூடாது. கை ஓங்குவது பற்றி நான் விவாதிக்கவே விரும்பவில்லை. கூடாது.

கோபம் வரும். வரும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பி அன்றைய பாடத் தலைப்பை மெதுவாக மறுபடி எழுதுவேன். எழுதி முடிப்பதற்குள் குரல் கீழே இறங்கிவிடும். அந்தப் பிள்ளையிடம் பேச வேண்டியதை அன்று மாலைக்குள் தனியாகப் பேசிவிடுவேன். இரவு தாண்டினால் இருவருக்குமே அது வளர்ந்துவிடுகிறது.

நீங்களே தவறும் நாள்

தவறுவீர்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும். ஒருமுறை இரண்டு மாணவிகளின் விடைகள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தன. பார்த்து எழுதினாய் என்று அவர்களில் ஒருத்தியை வகுப்பின் முன்னே நிற்க வைத்துச் சொன்னேன். மதியம் இருவரின் நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒரே நோட்டிலிருந்து சேர்ந்து உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். தேர்வில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தவர்கள். அவளைத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையாட்டிவிட்டு, போகும்போது சொன்னாள்: “பரவாயில்ல மிஸ். ஆனா நீங்க எல்லார் முன்னாடியும்தான சொன்னீங்க.”

மறுநாள் முதல் பீரியட் பாடம் தொடங்குவதற்கு முன் வகுப்பிடம் சொன்னேன்: “நேற்று இவள் பார்த்து எழுதியதாகச் சொன்னேன். அது தவறு. விசாரிக்காமல் சொன்னேன். இனிமேல் சந்தேகம் வந்தால் முதலில் தனியாகக் கேட்பேன்.” அவ்வளவுதான். முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய இரவு, இதைச் சொன்னால் வகுப்பு என் கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்துகொண்டே இருந்தேன். நடந்தது வேறு. அந்த வாரம் மூன்று பிள்ளைகள் தாங்களே வந்து, ‘இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் போட்டேன், புரியவில்லை’ என்றார்கள்.

மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று புதியவர்கள் கேட்கும்போது நான் சொல்வது: தவறு எந்த இடத்தில் நடந்ததோ அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால். என்ன செய்தேன், அது தவறு, இனி என்ன செய்வேன். இந்த மூன்றுக்கும் நடுவில் ‘ஆனால்’ வரக் கூடாது. ‘நீயும் கொஞ்சம்…’ என்று தொடங்கினால் அது மன்னிப்பு ஆகாது.

யானுஷ் கோர்ச்சாக் இதை எங்கேயோ கொண்டுபோனவர். போலந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். 1912 முதல் வார்சாவில் யூதக் குழந்தைகளின் இல்லம் ஒன்றை நடத்தினார். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் இருந்தது. பணியாளர்கள்மீதும் அங்கே வழக்குப் போடலாம். கோர்ச்சாக்கே அந்த நீதிமன்றத்தின் முன் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நின்றிருக்கிறார். அதன் சட்டப் பிரிவுகளில் பெரும்பாலானவை மன்னிப்பதைப் பற்றியவை. 1942-இல் நாஜிகள் அந்த இல்லத்தின் ஏறத்தாழ இருநூறு குழந்தைகளை டிரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனபோது அவரும் உடன் போனார், திரும்பவில்லை. நம் வகுப்பில் நீதிமன்றம் வைக்க முடியாது. ஆசிரியர் தவறினால் அதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வைக்க முடியும்.

ஒரு குழந்தை இரகசியம் சொல்ல வரும்போது

இதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள், அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. “மிஸ், ஒண்ணு சொல்லுவேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்று ஒரு குழந்தை வரும். சத்தியம் செய்யாதீர்கள். “நீ என்னிடம் சொல்வது நல்லது. உன்னைப் பாதுகாக்க வேறொருவரிடம் சொல்லியாக வேண்டும் என்றால், யாரிடம் சொல்கிறேன் என்று உன்னிடமே முதலில் சொல்வேன்” என்பது உண்மையான வாக்கு. பிறகு கேளுங்கள். குறுக்கே விசாரிக்காதீர்கள், ‘அவர் இப்படிச் செய்தாரா?’ என்று வார்த்தைகளை எடுத்துக் கொடுக்காதீர்கள், அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். நீ சொன்னதை நம்புகிறேன், இதில் உன் தப்பு எதுவும் இல்லை என்று சொல்லுங்கள்.

குழந்தை போனதும் அது சொன்ன சொற்களை அப்படியே, தேதி, நேரத்தோடு எழுதுங்கள். உங்கள் ஊகம் எதுவும் அதில் வேண்டாம். அன்றே, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் சேருங்கள். அவர் யார், சட்டப்படி யாரிடம் புகார் போக வேண்டும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீங்களே துப்பறியப் போகாதீர்கள். வீட்டில்தான் ஆபத்து என்றால், நீங்கள் வீட்டுக்குச் செய்யும் அழைப்பே குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். பள்ளி இதை மூடி மறைக்கலாம் என்று சொன்னால், உங்கள் கடமை பள்ளியோடு முடிந்துவிடுவதில்லை.

எல்லைகள், சுருக்கமாக

ஒரு மாணவரோடு தனியே பேசும்போது கதவு திறந்திருக்கட்டும். சொந்த எண்ணிலிருந்து மாணவருக்குத் தனிச் செய்தி அனுப்பாதீர்கள். சொல்ல வேண்டியது பெற்றோர் குழுவிலோ பள்ளி வழியாகவோ போகட்டும். பிள்ளைகளின் படமும் வேடிக்கையான விடைகளும் உங்கள் ஸ்டேட்டஸில் வர வேண்டாம். அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் பார்க்கும். நீங்கள் மதிப்பெண் போடும் பிள்ளைக்கே கட்டணம் வாங்கி டியூஷன் எடுக்காதீர்கள், நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும். விலை உள்ள பரிசு வந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். குழந்தை தன் கையால் வரைந்ததைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்து நிமிடம்

வளர்ச்சி என்றால் பயிற்சி வகுப்புச் சான்றிதழ்கள் என்றுதான் நானும் நினைத்தேன். சில வகுப்புகள் நன்றாகவே இருந்தன. என்னை மாற்றியது ஒரு சாதாரண நோட்டு. கிளம்பும் முன் மூன்று வரி: இன்று யாரைப் பார்க்கத் தவறினேன், எந்தக் கேள்வி வேலை செய்தது, நாளை எதை வேறுமாதிரி செய்வேன். ‘வகுப்பு நன்றாக இருந்தது’ என்று எழுதினால் அதை அடித்துவிடுங்கள். ‘பின்னத்தில் பெரிய எண் கீழே இருந்தால் பெரிய பின்னம் என்று நான்கு பேர் நினைக்கிறார்கள், நாளை காகிதம் மடித்துக் காட்ட வேண்டும்’ என்பதுபோல எழுதினால் மறுநாள் பாடம் பாதி தயார்.

அப்புறம், நோட்டு மட்டும் போதாது. நம் கண்ணுக்கு நம் முதுகு தெரியாது. ஜப்பானிய ஆசிரியர்களிடம் பாட ஆய்வு என்றொரு பழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் எடுக்கிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள், பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். பார்ப்பவர்களின் கண் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பாடம் எல்லோருடையது என்பதால், எடுத்தவரைக் குறை சொல்லும் பேச்சாக அது மாறுவதில்லை. ஒரே ஒரு சக ஆசிரியர் இருந்தால்கூட இதைச் செய்யலாம். அவரிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள், ‘நன்றாக இருந்தது’ என்பார். ‘மூன்றாவது வரிசைப் பிள்ளைகள் எந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினார்கள்?’ என்று கேளுங்கள்.

பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் இரண்டு கேள்வி: உனக்கு எது உதவியது? நான் எதை நிறுத்த வேண்டும்? ‘நீங்க கேள்வி கேட்டுட்டு வேற யாரையோ பாக்கறீங்க’ என்று ஒரு சீட்டில் வந்தது. அதை வகுப்பிலேயே வாசித்து, இனிமேல் பார்க்கிறேன் என்றேன். கேட்டுவிட்டு எதையும் மாற்றாமல் இருந்தால் அடுத்த முறை எல்லாச் சீட்டிலும் ‘எல்லாம் நல்லா இருக்கு மிஸ்’ என்று வரும்.

இவ்வளவையும் ஒரே வருடத்தில் செய்ய முயல வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒன்று. நான் காத்திருப்பதை மட்டும் பழக ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன்.

வருடக் கடைசியில், முதல் மாதம் கோடு போட்ட இருக்கை வரைபடத்தையும் கடைசி மாதம் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் வெறுமையாக இருக்கும் பெயர்கள் சில இருக்கும். அடுத்த வருட ஆசிரியர் உங்களிடம் வந்து அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள், குணத்துக்குப் பெயர் வைக்காதீர்கள். ‘இவன் நாலு விநாடி காத்திருந்தால் பேசுவான். நான் ஜனவரியில்தான் கண்டுபிடித்தேன்’ என்று சொல்லுங்கள்.